தரகர் யாருடைய ஆள்? செட்டிநாட்டில் தொழிலை விற்க நினைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடியில் ஒரு வீட்டையோ மனையையோ விற்கப்போவதாகக் காலையில் யாரிடமாவது சொன்னால், பொழுது சாய்வதற்குள் இரண்டு மூன்று தரகர்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஆனால் நடந்துகொண்டிருக்கும் ஒரு பலகாரக் கடையையோ, ஆத்தங்குடிக் கல் பட்டறையையோ, புதுவயலில் ஓடிக்கொண்டிருக்கும் அரிசி ஆலையையோ, வேலையாட்களும் வாடிக்கையும் பெயரும் கலையாமல் அப்படியே இன்னொருவர் கையில் ஒப்படைக்க வேண்டும் என்றால், அதற்கு யாரைக் கூப்பிடுவது என்று பலருக்கும் தெரிவதில்லை. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வேலையில் அமர்ந்துவிட, அறுபதைத் தாண்டிய பெற்றோர் தனியாகக் கடையைக் கட்டிக் காக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வட்டாரத்துச் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதி வருகிறவன் என்ற முறையில், நல்ல விலைக்குப் போயிருக்க வேண்டிய தொழில்கள் பொருந்தாத தரகரின் கையில் சிக்கி, வெறும் மனையும் கட்டடமுமாகக் கரைந்துபோனதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

தம் காரியத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்து நடத்துவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் பலர், தாங்கள் ஊரில் இருந்துகொண்டு, கடல் கடந்த கடையை ஏஜெண்டு ஒருவரிடம் விட்டே நடத்தினார்கள். பெரும்பாலும் மூன்று ஆண்டுத் தவணைக்குப் போன அந்த ஏஜெண்டு தெரிந்த குடும்பத்துப் பிள்ளையாகத்தான் இருப்பார். இருந்தாலும் சம்பளம் எவ்வளவு, லாபத்தில் கிடைப்பது எவ்வளவு என்பதெல்லாம் புறப்படுமுன்பே பேசி எழுதப்பட்டுவிடும். கணக்கும் கடிதமும் ஊருக்கு வந்துகொண்டே இருக்கும். ஆளை நம்பினார்கள், ஆனால் அவர் யாருடைய ஆள், அவருக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்பதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. தொழிலை விற்கத் தரகரைத் தேடும்போதும் முதலில் தெளிவாக வேண்டியவை இந்த இரண்டும்தான். கீழே சொல்லப்போகும் படிகள் எல்லாம் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே அமைந்தவை.

முதல் படி: விற்பது எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்

தரகரிடம் பேசுவதற்கு முன்பு குடும்பத்துக்குள் பேசி முடிக்க வேண்டியது இது. தொழில் மகன் பெயரில் இருக்கும், பட்டறை நிற்கும் இடம் தாத்தா பெயரில் பட்டாவாக இருக்கும், கடைப் பெயரைச் சித்தப்பா வீட்டாரும் வேறு ஊரில் பயன்படுத்திக்கொண்டிருப்பார்கள். இந்த நிலையில் 'கடையை விற்கிறேன்' என்று சொன்னால் அதற்கு நான்கு பொருள் உண்டு. இடத்தோடு விற்கிறீர்களா, இடத்தை வைத்துக்கொண்டு வாடகைக்கு விடப்போகிறீர்களா, பெயர் போகிறதா, கையிருப்புச் சரக்கு விலையில் அடக்கமா தனியா என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். கூட்டு நிறுவனமாக இருந்தால் எல்லாப் பங்குதாரர்களின் சம்மதமும் எழுத்தில் இருக்கட்டும். 1932 ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒரு பங்குதாரர் தாமாகவே நிறுவனத்தின் அசையாச் சொத்தை விற்றுவிட முடியாது. பூர்வீகச் சொத்து என்றால் பெண் பிள்ளைகளின் பங்கையும் மறக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1989 ஆம் ஆண்டிலும், நாடு முழுவதற்கும் 2005 ஆம் ஆண்டிலும் வந்த சட்டத் திருத்தங்களுக்குப் பிறகு அது மனமிருந்தால் கொடுக்கும் சீதனம் அல்ல, உரிமை. வாங்குகிறவர் முன்பணம் கொடுத்த பிறகு அக்காவிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தால் எந்தத் தரகராலும் அந்த விற்பனையைக் காப்பாற்ற முடியாது.

கடைசி மூன்று ஆண்டுக் கணக்கு, ஜிஎஸ்டி தாக்கல்கள், பன்னிரண்டு மாத மின்கட்டண ரசீதுகள், வங்கிக் கடன் நிலுவை, வில்லங்கச் சான்று, வேலையாட்களுக்குத் தரவேண்டிய பாக்கி ஆகியவற்றையும் சேர்த்து ஒரு கோப்பாகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். இதை இப்போதே யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. ஆனால் தரகரோடு பேசும்போது உங்களுக்கு உங்கள் தொழில் தெரியும் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்றையும் இந்தக் கட்டத்திலேயே யோசித்துவிடுங்கள். வாங்கக்கூடியவர் ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம். பதினைந்து ஆண்டுகளாகக் கடையை நடத்தித் தரும் மேலாளர், உங்களுக்குச் சரக்குப் போடும் மொத்த வியாபாரி, பக்கத்து ஊரில் அதே தொழில் செய்யும் உறவினர் ஆகியோரில் ஒருவர் வாங்கத் தயாராக இருந்தால் தரகர் தேவையே இல்லை. ஒரு வழக்கறிஞரும் உங்கள் ஆடிட்டரும் போதும். அவர்களுக்குத் தருவது நிலையான கட்டணமாக இருக்கும், விலையில் சதவீதமாக இருக்காது.

இரண்டாம் படி: எந்த வகைத் தரகர் என்று பிரித்தறியுங்கள்

இங்கே தொழில் விற்பனைக்கு என்று முன்வருகிறவர்களில் பெரும்பாலோர் மனைத் தரகர்களே. அதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் மனையை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தொழில் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆத்தங்குடிக் கல் பட்டறையில் நான் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். விற்பனைக்கு என்று கேள்விப்பட்டு வந்த தரகர் ஒருவர், செருப்பைக்கூடக் கழற்றாமல், சாலையோரமாகவே இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை எட்டு வைத்து நடந்தார். "ரோட்டு மேல நாற்பத்தெட்டு அடி இருக்கும்ணே, பின்னாடி கொட்டகையப் பிரிச்சுட்டா நல்லா போகும்" என்றார். அவர் பிரிக்கச் சொன்ன கொட்டகைக்குள்ளேதான் அந்தத் தொழில் இருந்தது. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு கண்ணறையிலும் வண்ணச் சாந்தைக் கரண்டியால் ஊற்றி, அச்சு ஆடாமல் தூக்கி, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்து, காய்ந்த பின் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவிடும் வேலையைப் பெரியவர் ஒருவர் செய்துகொண்டிருந்தார். சுவரோரம் அடுக்கியிருந்த அச்சுகளில் சில அந்தக் குடும்பத்துக்கே உரிய வடிவங்கள். தரகர் அவற்றின் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு வாரம் கழித்து மதுரையிலிருந்து இன்னொருவர் வந்தார். அவர் நேராகக் கொட்டகைக்குள் போய், அந்தப் பெரியவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "ஐயா, ஒரு நாளைக்கு எத்தனை கல்லு போடுவீங்க? உங்களுக்கு அப்புறம் இதைப் போடத் தெரிஞ்ச ஆளு யாரு?" என்று கேட்டார். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தெரிந்தவரே தொழில் விற்பனைத் தரகர். வாங்கப்போகிறவர் கேட்கப்போவதும் அதைத்தான்.

பழைய வீடுகளில் உணவகமோ தங்கும் விடுதியோ நடத்துகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பர்மாத் தேக்குத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும் தனிச் சந்தை இருக்கிற ஊர் இது. தரகர் கூட்டி வருகிறவர் விடுதியைத் தொடர்ந்து நடத்த வந்தவரா, மரத்தை எண்ண வந்தவரா என்பது அவர் முதலில் எங்கே அண்ணாந்து பார்க்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

தொழில் விற்பனைத் தரகருக்கு என்று தனி உரிமம் எதுவும் நம் நாட்டில் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிலர் ரெரா பதிவு எண்ணைக் காட்டுவார்கள். அது 2016 ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டத்தின்கீழ், பதிவு பெற்ற கட்டுமானத் திட்டங்களில் வீடு, மனை விற்றுத் தருகிறவர்களுக்கானது. ஒரு கடையையோ ஆலையையோ விற்கத் தெரியும் என்பதற்கு அது சான்றாகாது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் என்று அட்டை நீட்டுகிறவரிடம் எந்தப் பிரிவில் பதிவு என்று கேளுங்கள். நிலமும் கட்டடமும் ஒரு பிரிவு, ஆலையும் இயந்திரமும் ஒரு பிரிவு, பங்குகளும் நிதிச் சொத்துகளும் ஒரு பிரிவு. நிலத்துக்குப் பதிவு பெற்றவர் உங்கள் தொழிலின் நற்பெயருக்கு விலை போட முடியாது.

உங்கள் ஆடிட்டரே வாங்குகிறவரைத் தேடித் தரட்டுமே என்று சிலர் நினைப்பதுண்டு. அவர் ஆளை அறிமுகப்படுத்துவதில் தவறில்லை. ஆனால் 1949 ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, காரியத்தின் முடிவைப் பொறுத்தோ சதவீதமாகவோ கட்டணம் வாங்குவதைத் தடுக்கிறது. என் கருத்தும் அதுவே: உங்கள் கணக்கைச் சரிபார்க்கிறவர் விற்பனையில் பங்கு எதிர்பார்ப்பவராக இருக்கக் கூடாது. 'இந்த விலைக்கு விற்காதீர்கள்' என்று சொல்வதற்கு வீட்டுக்கு வெளியே ஒருவராவது வேண்டும்.

மூன்றாம் படி: தேடுவது

இதில் நீட்டிச் சொல்ல அதிகமில்லை. காரைக்குடியோடு நிறுத்திக்கொள்ளாமல் மதுரை, திருச்சி, கோயம்புத்தூர், சென்னை வரை விசாரியுங்கள். உங்கள் தொழிலை வாங்கக்கூடியவர் இருக்கும் ஊரில் புழங்குகிற தரகரே உங்களுக்குப் பயன்படுவார். அரிசி ஆலை என்றால் ஆலை இயந்திரம் விற்கிறவர்களுக்கும் தவிட்டு வியாபாரிகளுக்கும் யார் எந்த ஆலையைக் கைமாற்றிவிட்டார்கள் என்பது தெரியும். வங்கி மேலாளரிடமும் கேட்கலாம். திருமண வீட்டுப் பந்தியில் மட்டும் கேட்காதீர்கள். மூன்று பேரையாவது நேரில் பார்க்காமல் ஒருவரை அமர்த்த வேண்டாம்.

நான்காம் படி: முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

எத்தனை ஆண்டு அனுபவம் என்று கேட்பதில் பயனில்லை. எல்லோரும் இருபது என்பார்கள். கடைசியாக முடித்த மூன்று தொழில் விற்பனைகள் எவை, அவற்றில் விற்றவர்களோடு நான் பேசலாமா என்று கேளுங்கள். விவரம் ரகசியம் என்றால், விற்றவரிடம் அனுமதி கேட்டுவிட்டு எண்ணைக் கொடுக்கச் சொல்லுங்கள். நல்ல தரகருக்கு இதில் சிரமம் இருக்காது. விற்றவரைத் தொடர்புகொள்ளும்போது விலையைப் பற்றிக் கேட்க வேண்டாம். பேச்சு முறியும் நிலைக்கு வந்தபோது தரகர் யார் பக்கம் நின்றார் என்று மட்டும் கேளுங்கள்.

பிறகு, முடியாமல் போன ஒரு விற்பனையைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். எதுவும் முடியாமல் போனதில்லை என்று சொல்கிறவரை நான் நம்புவதில்லை.

மூன்றாவது, வாங்குகிறவரிடமும் தரகு வாங்குவீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள். வீடு, மனை வியாபாரத்தில் இரு பக்கமும் வாங்குவது இங்கே வழக்கமாகிவிட்டது. தொழில் விற்பனையில் இது எளிதாக விடக்கூடிய விஷயம் அல்ல, ஏனென்றால் உங்கள் லாபம், உங்கள் அவசரம், உங்கள் கடைசி விலை மூன்றும் அந்தத் தரகருக்குத் தெரியும். இரு பக்கமும் வாங்குகிறவர் என்றால் அதை எழுத்தில் ஒப்புக்கொள்ளட்டும். உங்கள் பக்கத் தரகைக் குறைக்கட்டும். உங்கள் கடைசி விலையை அவரிடம் சொல்லாதீர்கள்.

நான்காவது கேள்வி அவர் உங்களிடம் கேட்க வேண்டியது. 'முழுத் தொழிலையும் மொத்த விலைக்குக் கொடுக்கிறீர்களா, இயந்திரம், சரக்கு என்று பிரித்துக் கொடுக்கிறீர்களா' என்று அவர் தாமாகவே கேட்கிறாரா என்று கவனியுங்கள். நடந்துகொண்டிருக்கும் தொழிலை முழுமையாகக் கைமாற்றினால் அந்தக் கைமாற்றத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. உங்கள் கணக்கில் மீதமிருக்கும் உள்ளீட்டு வரி வரவையும் (கொள்முதலில் நீங்கள் கட்டி, இன்னும் கழித்துக்கொள்ளாத வரியையும்) ஐடிசி-02 என்ற படிவத்தின் வழியாக வாங்குகிறவருக்கு மாற்றலாம். பிரித்து விற்றால் இயந்திரத்துக்கும் சரக்குக்கும் வரி போட வேண்டி வரும். வருமான வரியிலும், தனித்தனி விலை போடாமல் மொத்தத் தொகைக்கு விற்பதற்கான கணக்கு முறை வேறு. வரியைக் கணக்கிடுவது ஆடிட்டரின் வேலைதான். ஆனால் இந்த வேறுபாடே தெரியாத தரகர், வாங்குகிறவரிடம் ஒரு விதமாக விலை பேசி வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்பார். பிறகு அதை மாற்றினால் வாக்கு மாறியவர் என்ற பெயர் உங்களுக்குத்தான் வரும்.

முதல் சந்திப்பிலேயே பெரிய விலை சொல்லி ஆசை காட்டுகிறவரிடம், அந்தத் தொகைக்கு எப்படி வந்தீர்கள் என்று பொறுமையாகக் கேளுங்கள். லாபம் எவ்வளவு, அதில் முதலாளியின் சொந்த உழைப்புக்கான சம்பளத்தைக் கழித்தால் நிற்பது எவ்வளவு, அந்த லாபம் உங்களுக்குப் பிறகும் வருமா என்று கணக்குச் சொல்ல வேண்டும். ஆச்சியின் கைப்பக்குவத்தால் ஓடும் பலகாரக் கடையில், தேன்குழலுக்கும் மனகோலத்துக்கும் உரிய அளவு ஆச்சி மனத்தில் மட்டும் இருக்கும்வரை, வாங்குகிறவர் கையில் கிடைக்கப்போவது அடுப்பும் அண்டாவுமே. நல்ல தரகர், 'ஆறு மாதம் பொறுங்கள், அளவுகளை எழுதி இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுங்கள், அதன் பிறகு விலை பேசுவோம்' என்று சொல்லுவார். தம் தரகு ஆறு மாதம் தள்ளிப்போவதைப் பொறுத்துக்கொண்டு அப்படிச் சொல்கிற ஒருவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

ஐந்தாம் படி: தரகுக் கணக்கு

"நீங்க கையில எவ்வளவு வேணும்னு மட்டும் சொல்லுங்கண்ணே, மேல வர்றது எங்க பாடு" என்று ஒரு பேச்சு வரும். கேட்பதற்கு இனிமையாக இருக்கும். தரகே கொடுக்க வேண்டாம் போலத் தோன்றும். இதற்கு ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் 60 லட்சம் என்றதும் அவர் 72 லட்சத்துக்குப் பேசி 12 லட்சத்தை எடுத்துக்கொள்வது ஒரு நட்டம். அதைவிடப் பெரிய தீங்கு, உங்கள் விலையைக் குறைப்பதே அவருக்கு லாபம் என்று ஆகிவிடுவது. அந்த நிமிடத்திலிருந்து அவர் உங்கள் ஆள் அல்ல. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், தரகரைப் போன்ற முகவர் ஒருவர், தம்மை அமர்த்தியவருக்குத் தெரியாமல் தமக்காகப் பேரம் நடத்தி அடைந்த ஆதாயத்தைக் கேட்டு வாங்கும் உரிமையை அமர்த்தியவருக்குத் தருகிறது. ஆனால் 'மேலே வருவது உங்களுக்கு' என்று நீங்களே வாக்குக் கொடுத்துவிட்ட பிறகு அந்தப் பாதுகாப்பைத் தேடுவது கடினம்.

சதவீதத் தரகிலும் ஒரு சிக்கல் உண்டு. எண்களை வைத்துப் பாருங்கள். 80 லட்சத்துக்கு 2% என்றால் தரகு 1,60,000. அதே தொழிலை அவசரமாக 75 லட்சத்துக்கு முடித்தால் 1,50,000. உங்களுக்கு 5 லட்சம் குறைகிறது, தரகருக்குக் குறைவது வெறும் 10,000. அந்தப் பத்தாயிரத்துக்காக அவர் இன்னும் மூன்று மாதம் அலைவாரா என்று நீங்களே யோசியுங்கள். ஆகவே படிமுறைத் தரகு பேசுங்கள். 75 லட்சம் வரை 1.5%, அதற்கு மேல் கிடைக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10% என்று வைத்தால், 75 லட்சத்தில் அவருக்கு 1,12,500 கிடைக்கும். 80 லட்சத்தில் 1,62,500. 85 லட்சத்தில் 2,12,500. இப்போது அவருடைய ஆசையும் உங்களுடைய ஆசையும் ஒரே திசையில் போகின்றன. அடிப்படை விலையாக எதை வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். தரகர் சொல்லும் எண்ணை வைக்காமல், ஆடிட்டரோடு உட்கார்ந்து நீங்கள் கண்டறிந்த எண்ணை வையுங்கள்.

தரகு எந்தத் தொகையின் மேல் என்பதையும் பேசிவிடுங்கள். தொழிலுக்கு 60 லட்சம், கையிருப்புச் சரக்குக்கு அன்றைய கொள்முதல் விலைப்படி 14 லட்சம் என்றால், தரகு 60 லட்சத்துக்கா 74 லட்சத்துக்கா என்று பின்னால் சண்டை வரும். சரக்கை விற்றுத் தந்தவர் அவர் அல்ல, எனவே அதை விலக்கிவிடுவதே முறை. வாங்குகிறவர் தவணையில் பணம் தருவதாக இருந்தால் தரகும் அதே விகிதத்தில், பணம் கைக்கு வர வர என்று இருக்கட்டும். தரகர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால் தரகின் மேல் 18% வரி சேரும். பேசிய தொகை அதை உள்ளடக்கியதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

விளம்பரச் செலவு, கோப்புத் தயாரிப்பு என்று முன்பணம் கேட்பவர்களும் உண்டு. செய்யும் வேலைக்குச் சிறிய தொகை கேட்பது தவறல்ல. விற்பனை முடிந்ததும் தரகில் கழித்துக்கொள்வதாக எழுதித் தரட்டும். வாங்க ஆள் தயாராக இருக்கிறார், மதிப்பீட்டு அறிக்கைக்கு மட்டும் இவ்வளவு கட்டுங்கள் என்று முகம் தெரியாதவர் தொலைபேசியில் கேட்டால், அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: எழுத்தில் வாங்குவது

தெரிந்த பையன்தானே, எழுத்து எதற்கு என்ற கூச்சம் நம்மவர்களுக்கு உண்டு. கப்பலேறிய ஏஜெண்டும் தெரிந்த பையன்தான். இரண்டு பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் எழுதி, வழக்கறிஞர் ஒருவர் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள். அதில் காலவரை இருக்க வேண்டும். ஆறு மாதம் போதும், தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். அவருக்கு மட்டுமே உரிமை என்று கொடுக்கிறீர்களா, மற்றவர்களும் முயலலாமா என்பது தெளிவாக இருக்க வேண்டும். சிறிய ஊரில் நான்கு தரகர்கள் ஒரே கடையை நான்கு விலைக்குச் சொல்லித் திரிவதைவிட ஒருவருக்குக் கொடுப்பதே மேல் என்பது என் அனுபவம். ஆனால் அப்படிக் கொடுக்கும்போது, உங்களுக்கு முன்பே தெரிந்த வாங்கக்கூடியவர்களின் பெயர்ப் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைத்து, அவர்களுக்கு விற்றால் தரகு இல்லை என்று எழுதிவிடுங்கள்.

காலம் முடிந்த பிறகும் தாம் அறிமுகப்படுத்தியவருக்கு விற்றால் தரகு வேண்டும் என்று தரகர் கேட்பார். அது நியாயமானது. ஆனால் யார் யாரை அறிமுகப்படுத்தினார் என்பதை ஒப்பந்தம் முடியும் நாளில் அவர் எழுத்தில் தர வேண்டும், ஆறு மாதத்துக்குள் நடந்தால் மட்டுமே செல்லும் என்று வரம்பு கட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, வேலை எப்போது முடிந்ததாகக் கொள்வது என்பது. வேறு விதமாக எழுதப்படாதவரை, ஏற்ற வேலை முடியும் முன்பு முகவருக்கான ஊதியம் கொடுக்க வேண்டியதாகாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 219 ஆம் பிரிவு சொல்கிறது. ஆள் காட்டியதே வேலை என்று தரகர் சொல்வார், பணம் வந்ததே வேலை என்று நீங்கள் சொல்வீர்கள். ஆகவே, விலைப்பணம் உங்கள் வங்கிக் கணக்கில் சேர்ந்த நாளே தரகு கொடுக்க வேண்டிய நாள் என்று வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள். கேட்கும்போது கணக்குக் காட்டுவதும் முகவரின் கடமை. பதினைந்து நாளுக்கு ஒரு முறை யார் யாரிடம் பேசினார், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

தரகர் பெயருக்குப் பவர் எழுதிக் கொடுக்காதீர்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அலைய முடியாது என்று சொல்லி அதிகாரப் பத்திரம் கேட்பார்கள். அவரிடமிருந்து முன்பணம் ஏதும் வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாகச் சொத்தில் அவருக்கு ஓர் உரிமை பிறக்கும்படி அதிகாரம் கொடுத்துவிட்டால், அதை நினைத்தபோது திரும்பப் பெற முடியாத நிலை வரலாம் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 202 ஆம் பிரிவின் சாரம். பவர் அவசியம் என்றால் குடும்பத்தில் ஒருவருக்குக் கொடுங்கள்.

வாங்குகிறவர், நீங்கள் மறுபடி அதே தொழில் தொடங்கக் கூடாது என்று கேட்பார். தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்கள் பொதுவாகச் செல்லாது என்றாலும், நற்பெயரோடு தொழிலை விற்கும்போது நியாயமான இட எல்லைக்குள் அப்படி உறுதி கொடுப்பது அதே சட்டத்தின் 27 ஆம் பிரிவின்படி செல்லும். இந்த உறுதியை எந்த எல்லைக்குள் கொடுப்பீர்கள் என்பதை நீங்கள் முன்பே முடிவு செய்து சொல்லுங்கள். தரகர் உங்கள் சார்பில் 'செட்டிநாடு முழுவதும்' என்று வாக்குக் கொடுத்துவிட வேண்டாம். தேவகோட்டையில் தம்பி நடத்தும் கடையும் அந்த எல்லைக்குள் வந்து மாட்டிக்கொள்ளும்.

ஏழாம் படி: ரகசியத்தைக் காப்பது

நான் முன்பு சொன்ன பட்டறையின் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது. எட்டு வைத்து அளந்த தரகர் போகிற போக்கில் கைப்பேசியில் நான்கு படம் எடுத்துக்கொண்டார். அன்று மாலையே அது வாட்ஸ்ஆப் குழுக்களில் 'அவசர விற்பனை' என்று சுற்றியது. மறுநாள் காலை வண்ணம் கலக்கும் பையன் முதலாளியிடம் வந்து, "அண்ணே, பட்டறையைக் குடுக்கப் போறீகளாமே, நான் வேற எடம் பாத்துக்கிறட்டுமா?" என்று கேட்டான். சிமெண்ட் கடைக்காரர் கடன் கணக்கை நிறுத்தினார். முன்பணம் கொடுத்திருந்த சென்னை வாடிக்கையாளர் ஒருவர் கல் வருமா வராதா என்று கேட்டார். விற்பதற்கு முன்பே பட்டறையின் விலை இறங்கிவிட்டது.

ஆகவே ஒப்பந்தத்துக்கு முன்பு படம் எடுக்க விடாதீர்கள். முதலில் வெளியே போகும் குறிப்பில் பெயரும் தெருவும் இருக்கக் கூடாது. 'சிவகங்கை மாவட்டத்தில் இயங்கிவரும் தரைக்கல் பட்டறை' என்ற அளவில் போதும். வாங்க வருகிறவர் ரகசிய உறுதிமொழியில் கையெழுத்திட்ட பிறகே பெயர், அவருக்குப் பண வசதி இருப்பது தெரிந்த பிறகே கணக்கு, டோக்கன் தொகை வந்த பிறகே அளவுகளும் வாடிக்கையாளர் பட்டியலும் என்று வரிசை வையுங்கள். இந்த வரிசையைத் தரகர் தாமாகவே சொல்கிறாரா என்பதும் அவரை எடைபோட ஒரு வழி.

எட்டாம் படி: பணம் வரும்போது

பாதி வெள்ளை, பாதி ரொக்கம் என்று பேசிக்கொண்டு வரும் தரகரைத் தவிர்த்துவிடுங்கள். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வாங்கியவர் மேல்தான் விழும், அதாவது உங்கள் மேல். டோக்கன் தொகை உட்பட எதுவும் தரகர் கணக்கு வழியாக வர வேண்டாம். வாங்குகிறவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு நேராக வரட்டும்.

தரகைக் கொடுக்கும்போது உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. விற்கிறவர் நிறுவனமாக இருந்தாலும், சென்ற ஆண்டு விற்றுமுதல் 1 கோடியைத் தாண்டிய தனிநபராக இருந்தாலும், ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட தரகில் வரிப் பிடித்தம் செய்ய வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் அந்த விகிதம் 2%. பில் வாங்கிக்கொண்டு வங்கி வழியாகக் கொடுங்கள். வாங்குகிறவர் தமக்கு ஜிஎஸ்டி பதிவைப் புதிதாக எடுக்க வேண்டும், உங்கள் எண்ணில் அவர் ஒரு நாள்கூடப் பில் போடக் கூடாது என்பதைத் தரகர் முன்னிலையிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசித் தவணை வந்து தரகின் மீதியையும் கொடுத்த அன்று, தரகரிடம் கொடுத்து வைத்திருந்த கணக்கு நகல்கள், பத்திர நகல்கள் அனைத்தையும் திரும்ப வாங்கி, இனிப் பாக்கி எதுவும் இல்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தோடு அதையும் சேர்த்துத் தைத்து, ஆடிட்டர் சொல்லும் காலம்வரை பத்திரப் பெட்டியில் வைத்திருங்கள்.